சிப்பி வண்டி வரவில்லை

பெண் வீடு அல்சாஸ், மலைச்சரிவில் திராட்சை.
மாப்பிள்ளை வீடு லுவார் நதி கடலில் கலக்குமிடம்.
ஒரே நாட்டின் இரண்டு ஓரங்கள்.
நான் பரிமாறுகிறவள், மணிக்கணக்கில் கூலி.
கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று
விருந்துப் பட்டியலை என்னிடம் கொடுத்தார்கள்.
நான்கு மாதத்தில் பதினோரு முறை எழுதினேன்.

ஜாதகம் யாரும் பார்க்கவில்லை.
தட்டுக்கும் கோப்பைக்கும்தான் பொருத்தம் பார்த்தார்கள்.

முதலில் சிப்பி, பச்சையாக, பனிக்கட்டி மேல்.
அதற்கு முஸ்கதே, இதில் பேச்சே இல்லை என்றார்
மாப்பிள்ளையின் அப்பா யோவென்.
வாசனையென்று பெரிதாக ஒன்றும் கிடையாது அந்த ஒயினுக்கு.
அலை விட்டுப்போன கூழாங்கல்லை நக்கினால் எப்படியோ அப்படி.
எலுமிச்சை பிழியவே வேண்டாம்,
அதுதான் எலுமிச்சை.

அடுத்து வெள்ளை அஸ்பராகஸ்.
நல்ல ஒயினையும் துருவாக்கிவிடுகிற காய்.
இனிப்பில்லாத மஸ்கட் மட்டும் அதனோடு குடித்தனம் நடத்தும்.
கொடியில் பறித்த பழத்தின் மணம்
புட்டிக்குள் போயும் மாறாத ரகம்.

ஆற்று மீனுக்கு ரீஸ்லிங்:
அதன் புளிப்பு
வெண்ணெய்க் குழம்பை நடுவில் வகிர்ந்துவிடும்.
காளானும் பாலேடும் போட்ட கோழிக்குப் பினோ கிரி,
கொஞ்சம் சதை வைத்தது.
சார்தொனே வைக்கலாமே என்ற பாரிஸ் சித்தப்பாவை
யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் மன்ஸ்டர் பாலாடைக்கட்டி,
மேலே தூவச் சீரகம், கூடவே கெவுர்ஸ்ட்ராமினர்.
பெண்ணின் மாமா ஆர்பொகாஸ்ட் முகத்தைத் தூக்கிக்கொண்டார்.
"ரோஜா மணக்கிற என் ஒயின்
அந்த நாற்றத்துக்குத் துணையா?"
நாற்றத்தைத் தாங்க மணம்தான் வேண்டும் என்று
சமையல்காரி ஓதில் சொன்னாள்.
அவர் சமாதானமாகவில்லை.

மே மாதச் சனிக்கிழமை. பகல் பன்னிரண்டு.
சிப்பி வண்டி டிஜோன் பக்கம் சாலையில் நின்றுவிட்டது.
நூற்றுப்பத்துப் பேர் கொட்டகையில் காத்திருக்கிறார்கள்,
முஸ்கதே வியர்த்துக்கொண்டிருக்கிறது.
ஊற்று என்றார் யோவென். ஊற்றினேன்.
வெறுங்கோப்பை எத்தனை நேரம் என்று
அஸ்பராகஸையும் அனுப்பினாள் ஓதில்.

முதல் வாயிலேயே
ஆணியைச் சப்பியதுபோல் ஆயின முகங்கள்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை, நாகரிகமானவர்கள்.
மஸ்கட் திறக்கப்படாமலே
தண்ணீர்த் தொட்டியில் கிடந்தது.

மீன் போயிற்று. கோழி போயிற்று.
நாலே முக்காலுக்கு நான் மன்ஸ்டரை வெட்டும்போது
வண்டி வந்தது. ஓட்டி வந்த பையனுக்குக் கண் சிவந்திருந்தது.
ஐம்பத்தைந்து டஜன் சிப்பி.
முஸ்கதே சொட்டு இல்லை.

ஆர்பொகாஸ்ட் எழுந்து வெளியே போனார்.
கோபத்தில் கிளம்பிவிட்டார் என்றே நினைத்தோம்.
கார் டிக்கியிலிருந்து பெயர்த்தாள் ஒட்டாத புட்டிகளோடு
திரும்பி வந்தார், காதெல்லாம் சிவக்க.
"சில்வானர். வீட்டுக்கு வைத்துக்கொள்வது.
செவ்வாய்க்கிழமை குடிக்கிற ஒயின்."
பட்டியலில் சேர்க்க அவருக்கே கூச்சமாம்.

யோவென் ஒரு சிப்பியை உறிஞ்சினார்,
ஒரு மிடறு குடித்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
கோப்பையை மறுபடி நீட்டினார்.
ஆர்பொகாஸ்ட் தன் கையாலேயே ஊற்றினார்,
கொஞ்சம் மேசைத்துணியிலும்.
கெவுர்ஸ்ட்ராமினரை அன்று அவர் மறந்தே போனார்.

இரவு இரண்டு மணி.
கோப்பைகள் கழுவி முடித்தபோது கால் மரத்திருந்தது.
பாத்திரத்தின் அடியில் ஆறிய அஸ்பராகஸ் ஏழெட்டுத் தண்டு.
தொட்டியில் துழாவி ஒரு மஸ்கட்டை எடுத்துத் திறந்தேன்.
நின்றபடியே கடித்தேன், குடித்தேன்.

பதினோரு முறை எழுதியவள்
ஒரு முறையும் சேர்த்துச் சாப்பிட்டதில்லை.

இன்னொரு தண்டை எடுத்தேன்.